மொழி மறைந்தும் பாட்டு மறையவில்லை

இசைக்குழு என்றதும் ஒலிபெருக்கியும் மின்கிற்றாரும் வண்ண விளக்குகளும் நம் மனக்கண்முன் வந்து நிற்கின்றன. இசைத்தட்டு எத்தனை விற்றது, வானொலியில் எத்தனை முறை ஒலித்தது என்று கணக்குப் பார்த்தே பாடகரின் பெருமையை அளந்து பழகிவிட்டோம். இக்கணக்குகளுள் அகப்படாத ஒரு பாடகர் கூட்டம் நம் நாட்டின் வடமேற்குக் கரையோரத்தில் வாழ்கின்றது. அதன் இரசிகர் தொகை சிறிது, வரலாறோ நெடிது. புத்தளம் நகரை அடுத்த சிராம்பியடிக் கிராமத்துக் காப்பிரிய மக்களின் மஞ்சா இசைக்குழுவையே குறிப்பிடுகின்றோம்.

புத்தளம் பண்டு தொட்டே பல நாட்டாரும் வந்திறங்கிய கரை. 1344ஆம் ஆண்டில் உலகஞ் சுற்றிய இபுனு பதூதா இங்கு வந்து ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு சென்றார். அவர் தம் விருப்பால் வந்தவர். காப்பிரியரின் முன்னோரோ பெரும்பாலும் பிறர் விருப்பால் கொண்டுவரப்பட்டவர்கள். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆபிரிக்க மக்களை அடிமைகளாகவும் படையாட்களாகவும் இத்தீவுக்குக் கொணர்ந்தனர். பின்னர் வந்த ஆங்கிலேயரும், ஆளுநர் பிரடெரிக் நோர்த் காலந்தொட்டு, ஆபிரிக்கரைத் தம் படையிற் சேர்த்தனர். இலங்கை ரைபிள் படை 1873இற் கலைக்கப்பட்டது. புத்தளத்திற் பணிபுரிந்த ஆபிரிக்கப் படைவீரர் அங்கேயே குடியமர்ந்தனர். அவர்தம் வழித்தோன்றல்களே இன்றைய சிராம்பியடி மக்கள்.

'காப்பிரி' என்பது அரபு மூலத்திலிருந்து வந்த பெயர். தென்னாபிரிக்காவில் அது கொடிய வசைச்சொல். ஈண்டோ அம்மக்கள் தம்மைத் தாமே அப்பெயரால் அழைத்துக்கொள்கின்றனர். ஆயினும் பிறர் அதனைக் கேலியாக வழங்குதல் தகாது என்பதை மாணவர் மனங்கொள்ளல் வேண்டும்.

இம்மக்களின் முன்னோர் பேசியது போர்த்துக்கேயம் கலந்த கிரியோல் மொழி. ஒரு காலத்தில் இலங்கைக் கரையோரப் பட்டினங்களிற் பல இனத்தாரும் தம்முள் உரையாடுதற்குக் கைக்கொண்ட பொதுமொழி அது. அம்மொழியிலேயே மஞ்சாப் பாட்டுக்கள் அமைந்துள்ளன. அடிகள் சிலவே, அவற்றையே மீண்டும் மீண்டும் பாடுவர். ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றையோர் கூடிக்கொள்வர். மெல்லத் தொடங்கும் தாளம் படிப்படியாக விரைவு பெற்று ஈற்றில் அனைவரையும் ஆடவைத்துவிடும். வாத்தியங்களோ வீட்டுப் பொருள்கள்: சிரட்டைகள், கரண்டிகள், போத்தல், மரக்கட்டை, இவற்றோடு றபானும் மத்தளமும். காசில்லாத இடத்திற் கலை பிறக்காது என்பார்க்குச் சிரட்டையே தக்க விடை சொல்லும்.

நாடெங்கும் மணவீட்டிலும் சுற்றுலாவிலும் கைதட்டிப் பாடப்படும் பைலாவும் இவ்விசையின் உறவே. பைலா என்பது ஆடுதலைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லடியாகப் பிறந்தது. மட்டக்களப்புப் பறங்கியர் தம் திருமணங்களில் ஆடும் ஆட்டத்தின் பெயர் 'காப்பிரிஞ்ஞா'. அப்பெயரிலேயே ஆபிரிக்கத் தொடர்பு பொதிந்து கிடக்கின்றது. 1940களில் வாலி பாஸ்டியன் என்னும் பொலிஸ் உத்தியோகத்தர் இந்தத் தாளத்திற் சிங்களப் பாட்டமைத்துப் பைலாவை மேடைக்கு உயர்த்தினார். தமிழர் வீடுகளில் ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி'யை அறியாதார் யார்? அதுவும் பைலாத் தாளமே. குடிபெயர்ந்து ஒஸ்திரேலியா சென்ற பறங்கியர் மெல்பேண் நகர விருந்துகளிலும் பைலாவை ஒலிக்கச் செய்தனர். இவ்வாறு கிளைகள் கடல் கடந்து தழைத்தன. சிராம்பியடியோ புகழ் வெளிச்சம் படாது ஒதுங்கியே நின்றது.

அண்மைக் காலத்தில் இம்மக்கள் 'சிலோன் ஆபிரிக்கன் மஞ்சா' என்னும் பெயரிற் குழுவாக இணைந்து, தம் ஊர் எல்லையைத் தாண்டிக் கொழும்பு முதலிய இடங்களின் மேடைகளிலும் பாடினர். ஷிஹான் டி சில்வா ஜயசூரிய என்னும் ஆய்வாளர் இப்பாட்டுக்களையும் இம்மக்களின் வரலாற்றையும் ஆராய்ந்து நூல்களில் எழுதியுள்ளார்.

ஆயினும் ஒரு கவலை உண்டு. கலப்பு மணத்தாலும் கல்வி மொழியாலும் இன்றைய தலைமுறையினர் சிங்களமே பேசுகின்றனர். கிரியோல் மொழி அன்றாட வழக்கினின்றும் நீங்கிவிட்டது. பாட்டின் சொல் நாவில் இருக்கின்றது. பொருளோ முதியோர் நினைவில் மட்டும் தங்கியுள்ளது. அவர்கள் மறைந்தால் சொல் வெறும் ஓசையாகிவிடும். மேடையிற் கைதட்டுவோர் தொகை பெருகுவதால் மட்டும் இந்நட்டம் ஈடாகாது. பொருளறிந்து பாடும் பேரப்பிள்ளை ஒருவர் ஆயிரம் இரசிகருக்கு மேலானவர்.

பழந்தமிழ் ஏடுகளைக் கறையானிடமிருந்து மீட்ட சான்றோரை நாம் நாள்தோறும் போற்றுகின்றோம். ஏட்டில் ஏறாத பாட்டுக்கு முதியோரின் நாவே ஏடு. புத்தளப் பகுதி மாணவர் தம் அயலிலுள்ள காப்பிரிய முதியோரிடம் வணக்கத்துடன் சென்று, அவர்தம் இசைவு பெற்று, பாட்டையும் அதன் பொருளையும் ஒருங்கே பதிந்து வைப்பாராயின், அது எந்தப் பரீட்சைப் புள்ளிக்கும் குறைந்ததன்று. கைத்தொலைபேசி ஒன்று போதும். அதனினும் முக்கியமாக, பதிந்ததன் பிரதி ஒன்றை முதலில் அக்கிராமத்துப் பிள்ளைகளிடமே கொடுத்தல் வேண்டும். பாட்டு அவர்களுடையது.