ஒரு தலைமுடியால் போன கமரா

எங்கள் வீட்டுச் சின்னக் கமராவைக் கொன்றது ஒரு தலைமுடி. அது மகளின் முடியா, மனைவியின் முடியா என்ற விசாரணை இன்னும் ஓயவில்லை. ஆனால் பெட்டியை மூடியவன் நான்தான்.

எங்கடை ஆக்கள் கடற்கரைக்குப் போனால் முழங்காலளவு தண்ணீர், பிறகு புரியாணிப் பார்சல். நானும் அப்படித்தான் இருந்தேன். சிட்னியில் மான்லிக்கும் ஷெல்லி பீச்சுக்கும் நடுவே கபேஜ் ட்ரீ பே என்றொரு சின்னக் குடா இருக்கிறது. 2002இலிருந்து அது பாதுகாக்கப்பட்ட இடம், மீன் பிடிக்க முடியாது. அதனால் அங்குள்ள மீன்களுக்கு மனிதப் பயம் குறைவு. நியூ சவுத் வேல்ஸின் மாநில மீனான புளூ குரோப்பர் நாய்க்குட்டி மாதிரிப் பின்னாலேயே வரும். பத்து வயது மகள் முகமூடி போட்டு முதன்முதலில் தலையைத் தாழ்த்திய நாளில், அதைப் படம் பிடிக்கத்தான் கமராவுக்கு ஒரு ஹவுசிங் வாங்கினேன். தண்ணீர் புகாத, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பெட்டி அது.

பெட்டியில் '40 மீட்டர்' என்று எழுதியிருந்தது. நாங்கள் நின்றதோ இரண்டு மீட்டர் ஆழத்தில். என்ன பயம் என்று நினைத்தேன். அங்கேதான் பிழைத்தது. நாற்பது மீட்டர் என்பது பெட்டி தாங்கும் அழுத்தம். தண்ணீரைத் தடுப்பது மூடியைச் சுற்றி ஓடும் மெல்லிய ரப்பர் வளையம், ஓ-ரிங். ஆழத்துக்குப் போனால் தண்ணீரின் அழுத்தமே மூடியை வளையத்தோடு சேர்த்து இறுக்கும். மேலே அந்த உதவி குறைவு, அலை வேறு அடித்துக்கொண்டிருக்கும். வளையத்தின் மேல் ஒரு முடியோ மணலோ கிடந்தால் இரண்டு மீட்டரே போதும்.

"அப்பா, இதுக்குள்ள தண்ணி நிக்குது" என்றாள்.

கரைக்கு வந்ததும் உயிர் இருக்கிறதா என்று பார்க்கும் அவசரத்தில் பொத்தானை அமுக்கினேன். செய்யக்கூடாத காரியம். முதலில் பற்றரியைக் கழற்றியிருக்க வேண்டும். மெமரி கார்டை மட்டும் நல்ல தண்ணீரில் அலசி இரண்டு நாள் காயவைத்தேன். படங்கள் தப்பின. பெரும்பாலானவை வெறும் நீலம். தண்ணீர் முதலில் சிவப்பைத்தான் விழுங்கும். பிளாஷ் போட்டவற்றில் மிதந்த தூசியெல்லாம் பனி பெய்ததுபோல வெளிச்சமாக இருந்தது. ஒரு கை நீளத்துக்குள் எடுத்த நாலைந்துதான் உருப்படி. அதில் ஒன்றில் குரோப்பரின் கண், அதன் பின்னால் மகளின் முகமூடி.

"தண்ணீர் புகாத கமராவே வாங்கியிருக்கலாமே" என்று நண்பர் கேட்டார். வாங்கலாம். ஆனால் அதன் பற்றரிக் கதவிலும் இதே ரப்பர்தான், இதே முடிதான்.

இப்போது பழைய கமரா ஒன்றும் அதற்கேற்ற ஹவுசிங்கும் வாங்கியிருக்கிறோம். முதல் நாள் கமராவை வைக்காமல் உள்ளே டிசு பேப்பரை மட்டும் வைத்து முக்கினேன், காய்ந்தபடியே வந்தது. இனிக் கடற்கரைக் காற்றில் மூடுவதில்லை, வீட்டிலேயே மூடிக்கொண்டு போகிறோம். சிலிக்கா ஜெல் பை ஒன்று உள்ளே கிடந்தால் கண்ணாடியில் ஆவி படியாது. கிறீஸ் பற்றி ஒரு வார்த்தை. அதை அள்ளிப் பூசினால் தண்ணீர் புகாது என்று நானும் நம்பினேன். அது வளையம் நழுவி இடத்தில் உட்காரத்தான். கூடினால் மணலைத்தான் பிடிக்கும். ஹவுசிங்கோடு வந்த கிறீஸையே விரல் மினுங்கும் அளவுக்குத் தடவினால் போதும்.

திரும்பி வந்ததும் திறக்காமல் வாளியில் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிவிட வேண்டும். உப்பு காய்ந்து அங்கேதான் உறையும். நன்றாகத் துடைத்த பிறகுதான் திறப்பு.

வளையத்தை டோர்ச் அடித்துச் சோதிப்பது இப்போது மகளின் வேலை. போன ஞாயிறு நான் மூடிய பெட்டியை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள். "இன்னொருக்கா திறவுங்கோ அப்பா." மூலையில் ஒரு மணல் இருந்தது.