மலை இறங்கும் வீடு: பிரேக்குக்குள் ஒரு கணக்கு

ஆஸ்திரியாவில் க்ராஸ்க்ளாக்னர் மலைச்சாலை என்று ஒன்று இருக்கிறது. ஃபிரான்ஸ் வாலக் என்ற பொறியாளர் வடிவமைத்தது. 1935 ஆகஸ்டில் திறந்தார்கள். 48 கி.மீ. நீளம், 36 கொண்டை ஊசி வளைவுகள், ஹோக்டோர் கணவாயில் உயரம் 2504 மீட்டர். பனிக்காலத்தில் மூடிவிடுவார்கள். கோடையில் அங்கே போனால் மோட்டார் ஹோம்கள் வரிசையாக ஏறுவதைப் பார்க்கலாம்.

ஏறுவதுதான் கஷ்டம் என்று தோன்றும். உண்மையில் ஏறும்போது வண்டி திணறும், அவ்வளவுதான். ஆபத்து இறங்கும்போதுதான் இருக்கிறது. ஏன்? ஒரு சின்ன கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஐரோப்பிய மோட்டார் ஹோம்களில் பெரும்பாலானவை 3500 கிலோ எடை வரம்பை ஒட்டியே இருக்கும். ஃபூஷர் டோர்ல் என்ற உச்சியிலிருந்து வடக்கே ஃபெர்லைட்டன் சுங்கச்சாவடி வரை சுமார் 1250 மீட்டர் இறக்கம். எடை, புவியீர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கினால் கிட்டத்தட்ட 43 மெகாஜூல். நம்ம பாஷையில் 12 யூனிட் கரண்ட். அறை வெப்பநிலையில் உள்ள 140 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். காற்றும் டயர் உராய்வும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை யாராவது வாங்கித்தானே ஆகணும்?

பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு இறங்கினால் அத்தனையும் டிஸ்க்குகளுக்குள் சூடாகப் போகும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த உத்தரவாதம் 155 டிகிரிதான். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழிகள் வரும். திரவத்தை அழுக்க முடியாது, ஆவியை அழுக்கலாம். அதனால் பெடல் தரை வரைக்கும் போகும், வண்டி நிற்காது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மொத்த ஆற்றல் மாறாது, ஆனால் அது வெளியேறும் வேகம் நம்ம கையில். 12 சதவீத சரிவில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் இறங்கினால் ஒவ்வொரு நொடியும் ஏறக்குறைய 45 கிலோவாட். அதாவது ஒன்றரை கிலோவாட் ஹீட்டர் முப்பதை ஒரே நேரத்தில் போட்ட மாதிரி. வேகத்தைப் பாதியாக்கினால் இதுவும் பாதி. டிஸ்க்குக்கு ஆற நேரம் கிடைக்கும்.

இரண்டாவது உதவி எஞ்சின். இறக்கம் தொடங்கும் முன்பே இரண்டாம் கியருக்கு வந்துவிட்டால், எஞ்சினே வண்டியைப் பிடித்து இழுக்கும். பிரேக்கை அவ்வப்போது அழுத்தமாகப் போட்டு வேகத்தைக் குறைத்து, முழுசா விட்டுவிடணும். லேசாக மிதித்தபடியே வருவதுதான் மோசம். கருகின வாடை வந்தால் ஓரம்கட்டி நிறுத்தி ஆறவிடுங்க. பெடல் பழையபடி கெட்டியாகும் வரை கிளம்பாதீங்க.

இன்னொன்று: தண்ணீர்த் தொட்டியில் 100 லிட்டர் இருந்தால் அது 100 கிலோ கூடுதல் எடை. மலைக்குப் போகும்போது தேவைக்கு மட்டும் நிரப்பினால் போதும். பிரேக் ஆயிலைக் கடைசியாக எப்போ மாற்றினோம் என்பதையும் கிளம்பும் முன்னாடியே பார்த்துவிடுங்க.