ஊசி திரும்பி வந்தாலும் ஜெயிச்சாச்சு!

லாங்கர்ஹான்ஸ் திட்டுகள்... ப்ளஸ் டூ உயிரியலில் மனப்பாடம் பண்ணின பெயர், ஞாபகம் இருக்கா? கணையத்துக்குள் குட்டிக் குட்டித் தீவுகளாகக் கிடக்கும் இந்தத் திட்டுகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்து 1869-ல் எழுதியவர் பால் லாங்கர்ஹான்ஸ். அப்போது அவர் 21 வயசு மெடிக்கல் ஸ்டூடன்ட்!

டைப் 1 சர்க்கரை நோயில், இந்தத் திட்டுகளில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்பின் எதிர்ப்பு சக்தியே அழித்துவிடுகிறது. அப்புறம் தினமும் இன்சுலின்தான். ஊசியைக்கூட பழகிக்கலாம் பாஸ்... பயமே 'லோ சுகர்'தான். வியர்வை, நடுக்கம் என்று உடம்பு முன்கூட்டியே எச்சரிக்கும். பல வருஷம் ஆனவர்களில் சிலருக்கு அந்த எச்சரிக்கையே வராது. தூக்கத்திலேயே நினைவு தப்பலாம்.

இவர்களுக்காக வந்ததுதான் திட்டு மாற்று சிகிச்சை. இறந்தவர் தானமாகத் தந்த கணையத்திலிருந்து திட்டுகளை மட்டும் பிரித்து, கல்லீரலுக்குப் போகும் ரத்தக் குழாயில் செலுத்துவார்கள். கனடாவின் எட்மன்டன் நகரில் டாக்டர் ஜேம்ஸ் ஷபிரோ குழு 7 பேருக்கு இதைச் செய்து, 2000-ல் ரிசல்ட்டை வெளியிட்டது. ஏழு பேருமே இன்சுலினை நிறுத்தினார்கள். உலகமே கைதட்டியது!

2005-ல் வந்தது ஐந்து வருட ரிசல்ட். இன்சுலின் இல்லாமலே இருந்தவர்கள் பத்தில் ஒருவர்தான். அப்போ ஃபெயிலா?

அவசரப்படாதீங்க. பத்தில் எட்டுப் பேருக்குப் புதுத் திட்டுகள் கொஞ்சமாவது வேலை செய்துகொண்டுதான் இருந்தன. அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு பெரிசுன்னு பளிச்னு காட்டியது தொடர் குளுக்கோஸ் மானிட்டர்.

விரலில் குத்தி நாலு தடவை பார்த்தால், நாலு போட்டோ. தோலுக்கடியில் முடி போன்ற சென்சார் 5 நிமிஷத்துக்கு ஒருமுறை அளந்தால், ஒரு நாளைக்கு 288 ரீடிங். முழு சினிமா! ஹெச்பிஏ1சி டெஸ்ட் தருவதோ ரெண்டு மூணு மாதத்தின் சராசரி. 40-க்கும் 260-க்கும் குதிப்பவருக்கும் சராசரி 150. 140, 160 என்று நிதானமாகப் போகிறவருக்கும் 150. டோட்டல் ஒண்ணுதான், வாழ்க்கை ஒண்ணா?

சிகிச்சைக்குப் பிறகு அந்தக் குதியாட்டம் அடங்குவதை கிராஃபில் பார்க்கலாம். திரும்பவும் கொஞ்சம் இன்சுலின் போட வேண்டியவர்களுக்கும் ஆபத்தான பள்ளங்கள் பெருமளவு குறைகின்றன. திட்டுகள் சோர்ந்துபோனால், சாப்பாட்டுக்குப் பின் கோடு மேலே ஏறி டாக்டருக்குச் சிக்னலும் கொடுக்கும். ஒரு விஷயம்: சென்சார் அளப்பது ரத்தத்தை அல்ல, செல்களுக்கு இடையே உள்ள திரவத்தை. அதனால் சில நிமிஷம் லேட்டாகத்தான் காட்டும்.

எல்லோருக்கும் இது சரிவருமா? வராது. புதுத் திட்டுகளை உடம்பு தாக்காமலிருக்க, அவை வேலை செய்யும் வரை எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிடணும். தொற்று நோய் பயமும் கூடவே வரும். அதனால்தான் 2023-ல் அமெரிக்கா 'லான்டிட்ரா' என்ற திட்டு சிகிச்சையை, கடுமையான லோ சுகர் அடிக்கடி வரும் பெரியவர்களுக்கு மட்டும் அனுமதித்தது. ஸ்டெம் செல்லிலிருந்தே திட்டுகளை வளர்க்கும் முயற்சியிலும், 2025-ல் வெளியான முடிவில், முழு டோஸ் பெற்ற 12 பேரில் 10 பேர் ஒரு வருடம் கழித்து இன்சுலின் இல்லாமல் இருந்தார்கள். அந்த மாத்திரை மட்டும் அவர்களையும் விடவில்லை!

இந்த சிகிச்சை எடுத்தவரைப் பார்த்தால் "ஊசி நின்னுடுச்சா?" என்று கேட்காதீங்க. "ராத்திரி பயமில்லாம தூங்கறீங்களா?"ன்னு கேளுங்க. ஜெயிச்சாச்சா இல்லையான்னு அந்தப் பதிலில் தெரிஞ்சிடும்!