ஈவுத்தொகை வரலாறும் ஈவு விளைவும்: ஹூண்டாய் பங்கை முன்வைத்து

மண்ணூருக்கு அண்மையிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் மகிழுந்து உற்பத்தி செய்யும் ஹூண்டாய் மோட்டார் இந்தியா நிறுவனத்தின் பங்கு, 2024 அக்டோபரில் ரூ.1,960 விலைக்குப் பொதுமக்களுக்கு விற்கப்பட்டது. 2024-25ஆம் நிதியாண்டுக்குப் பங்கொன்றுக்கு ரூ.21 ஈவுத்தொகை அறிவிக்கப்பெற்றது. முகமதிப்பு ரூ.10 ஆதலின் இதனை 210 விழுக்காடு என்பர்; கேட்போர் மயங்குவது இவ்விடத்தேதான். கொடுத்த விலையோடு ஒப்பிட்டால் ஈவு விளைவு ஏறத்தாழ 1.07 விழுக்காடே. வங்கிச் சேமிப்புக் கணக்கின் வட்டிகூட இதனினும் மிகுதி. மேலும், பங்கின் விலை வீழ்ந்தால் ஈவுத்தொகை உயராமலே விளைவு உயரும்.

வரலாற்றையும் ஆராய்ந்தே கொள்ளவேண்டும். பங்குச்சந்தைக்கு வருமுன், 2024இல், இந்நிறுவனம் சுமார் ரூ.10,782 கோடியைச் சிறப்பு ஈவுத்தொகையாக வழங்கியது; இன்றைய எண்ணிக்கைப்படி பங்கொன்றுக்கு ஏறத்தாழ ரூ.133. அது கொரியத் தாய் நிறுவனத்தையே சேர்ந்தது. அத்தொகையையும் ரூ.21-ஐயும் சேர்த்துச் சராசரி காண்பது பொருந்தாது.