களமும் மேசையும் ஒரே வரைபடத்தில்

2016 மே மாதத்தில் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவிலும் புளத்கொஹுப்பிட்டியவிலும் நேர்ந்த மண்சரிவுகளை நாம் மறந்துவிட முடியாது. மறு ஆண்டே இரத்தினபுரி மாவட்டமும் அதே அவலத்தைக் கண்டது. மலைச்சரிவில் அமைந்த லயன் குடியிருப்புகளில் எவை ஆபத்தானவை என்பதை அறிய வரைபடம் இன்றியமையாதது.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வலய வரைபடங்களைத் தயாரித்துள்ளது. எனினும், நிலத்தில் புதிதாகத் தோன்றும் வெடிப்பும் அடைபட்ட வடிகாலும் நேரில் செல்பவருக்கே புலப்படும். அவற்றைக் கைத்தொலைபேசியில் குறித்துப் புகைப்படத்துடன் சேமிக்க உதவுவது கியூபீல்ட் என்ற இலவச மென்பொருள். இணைய இணைப்பில்லாத மலைப்பகுதியிலும் அது இயங்கும்.

அலுவலகத்திலோ இத்தரவுகளைக் கையாளக் கியூஜிஐஎஸ் என்னும் விரிவான மென்பொருளைக் கற்க வேண்டியிருந்தது. இலிகிதர்களுக்கு அது எளிதன்று. ஆன்ட்ராய்டில் தொடங்கிய கியூபீல்ட் இன்று விண்டோஸ், லினக்ஸ், மேக் கணினிகளிலும் இயங்குகிறது. வரைபடத்தை முதலில் ஆயத்தம் செய்யவே தேர்ந்தவர் ஒருவர் தேவை. அதன்பின், களத்தில் கண்ட அதே திரையை மேசையிலும் திறந்து, மரச்செறிவினால் சில மீற்றர் விலகிப் பதிவான இடத்தைத் திருத்தலாம். விடுபட்ட குறிப்பைச் சேர்க்கலாம்.

ஆனால், அந்தச் சில மீற்றர் வேறுபாடே ஒரு குடும்பத்தை அபாய வலயத்துக்கு உள்ளேயோ வெளியேயோ நிறுத்திவிடும். எனவே, திருத்தியவர் யார், எப்போது திருத்தினார் என்பது பதிவாக வேண்டும். அவ்வரைபடம் தோட்ட மக்களின் பார்வைக்குத் தமிழிலும் வைக்கப்பட வேண்டும். பிரதேச செயலகங்களும் தோட்ட நிர்வாகங்களும் அடுத்த பருவமழைக்கு முன்னரே இப்பணியைத் தொடங்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.