உங்களுக்குத் தெரியுமா? ஏசி காற்று வழியிலேயே வீணாகும்!

● மத்திய ஏசி உள்ள கட்டடங்களில் குளிர்காற்றையும் வெப்பக்காற்றையும் அறைகளுக்குக் கொண்டுசேர்ப்பது ‘டக்ட்’ எனப்படும் தகட்டுக் குழாய். அமெரிக்க அரசின் ‘எனர்ஜி ஸ்டார்’ திட்டக் கணக்குப்படி, அந்நாட்டின் சராசரி வீட்டில் டக்டுக்குள் ஓடும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் கசிவு, ஓட்டை, சரியாகப் பொருந்தாத இணைப்பு ஆகியவற்றால் வீணாகிறது.

● இணைப்புகளில் துணி டேப் ஒட்டினால் போதாது. கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் 1990களில் பலவகை அடைப்புப் பொருள்களைச் சூட்டிலும் குளிரிலும் மாற்றி மாற்றிச் சோதித்தது. முதலில் விட்டுப்போனது துணி டேப்தான். பசைபோல் பூசப்படும் ‘மாஸ்டிக்’ பூச்சு தாக்குப்பிடித்தது.

● வட்ட டக்டின் விட்டத்தைப் பாதியாக்கி, அதே அளவு காற்றை அனுப்பிப் பாருங்கள்: உராய்வால் ஏற்படும் அழுத்த இழப்பு ஏறத்தாழ 32 மடங்காகும்! அந்தச் சுமை முழுவதும் மின்விசிறியின் தலையில் விழும்.

● செங்கோணமாக மடக்கிய திருப்பத்தில் காற்று சுழன்று தடுமாறும். உள்ளே வளைந்த தகட்டு இதழ்களைப் பொருத்தினால் சீராகத் திரும்பும். அழுத்த இழப்பும் இரைச்சலும் குறையும்.

● அறையிலிருந்து காற்றைத் திருப்பி எடுத்துவரும் டக்டில் விரிசல் இருந்தால், மேற்கூரை இடுக்கின் சூடும் தூசியும் உள்ளே இழுக்கப்படும். எந்திரம் ஓய்வின்றி ஓடும், அறையோ குளிராது.

● ஃபால்ஸ் சீலிங் மூடியபின் கசிவைத் தேடுவது பெரும்பாடு. அதனால், மூடுவதற்கு முன்பே டக்டில் காற்றை நிரப்பிக் கசிவுச் சோதனை செய்யச் சொல்லுங்கள். நல்ல எந்திரம் வாங்குவதைப் போலவே இதுவும் முக்கியம்.