விருந்துக்கு மறுநாள் பட்டினி வேண்டாம்

வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு என்றால் மட்டக்களப்பின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் புக்கைப் பானை இறங்காத ஊரில்லை. பெருநாள் வந்தால் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் புரியாணியும் வட்டிலப்பமும். உடம்பைக் குறைக்க முயல்பவர்களும் இந்தப் பந்திகளில் உட்காரத்தான் வேண்டும். ஒரு பகல் அளவு மீறிச் சாப்பிட்டதால் முயற்சி கெட்டுப்போவதில்லை. அதற்குத் தண்டனையாக மறுநாள் செய்யும் காரியங்களே அதைக் கெடுக்கின்றன.

தராசு காட்டும் கணக்கு

மறுநாள் காலை நிறை ஒன்றரைக் கிலோ கூடியிருக்கலாம். அதில் பெரும்பகுதி கொழுப்பல்ல. ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறத்தாழ 7,700 கிலோகலோரி மிகையாக வேண்டும். விருந்தில் 1,500 கிலோகலோரி கூடிப்போனாலும் சேரக்கூடியது 200 கிராம் அளவுதான். மிச்சமெல்லாம் குடலில் இருக்கும் உணவும், உப்பும் மாச்சத்தும் உடலில் தங்கவைத்த நீரும். வழமைச் சாப்பாட்டுக்குத் திரும்பினால் சில நாளில் அது இறங்கிவிடும். எனவே கிழமைக்கு ஒருமுறை, காலையில், வெறும் வயிற்றோடு நிறை பார்த்தால் போதும்.

ஆபத்து எங்கே?

பகல் முழுதும் பட்டினி கிடந்தால் இரவில் பசி இரட்டிப்பாகி, மறுபடியும் அளவு மீறும். நீரிழிவுக்கு இன்சுலினோ கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் போன்ற குளிசைகளோ எடுப்பவர்கள் சாப்பாட்டைத் தவிர்த்தால் இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் கண்டால் உடனே சீனி கரைத்த தண்ணீர் குடிக்க வேண்டும். நினைவு தவறியவருக்கு வாயில் எதுவும் கொடுக்காமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

விரலை விட்டு வாந்தியெடுப்பது பொட்டாசியத்தைக் குறைத்து இதயத் துடிப்பைக் குழப்பும். ‘மூலிகை’ என்று விற்கப்படும் மெலிவுக் குளிசைகளும் ஆபத்தானவை. மாரடைப்பு, பக்கவாத அபாயத்தால் 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நிறுத்தப்பட்ட சிபுட்ரமின், இத்தகைய பொருட்களில் ஒளித்துக் கலக்கப்பட்டிருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது.

அடுத்த வேளை

திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த வேளையை வழமையான நேரத்தில், வழமையான அளவில் சாப்பிடுங்கள். தட்டில் பாதி இலைக்கறியும் மரக்கறியும், கால்பங்கு சிவப்பரிசிச் சோறு, கால்பங்கு மீன். வாவி மீனைப் பொரிக்காமல் புளி ஆணமாக வைக்கலாம். எருமைத் தயிரைக் கைவிட வேண்டியதில்லை. பாணியையும் சீனியையும் விட்டு, சிறு கோப்பையில் எடுங்கள். மிஞ்சிய பலகாரத்தை அன்றைக்கே அயல்வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுத்துவிடுங்கள். மாலையில் கல்லடிக் கடற்கரையிலோ காந்தி பூங்காவிலோ அரை மணி நேரம் நடக்கலாம். தின்றதற்கு அபராதமாக அல்ல, அன்றாடப் பழக்கமாக.

உங்கள் உரிமைகள்

அரச வைத்தியசாலைகளில் இயங்கும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் 35 வயதைத் தாண்டியோருக்கு நிறை, இரத்த அழுத்தம், இரத்தச் சீனி ஆகியவற்றை இலவசமாகப் பார்த்து ஆலோசனை தருகிறார்கள். பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் அருகிலுள்ள நிலையத்தைச் சொல்வார்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரைத் தாண்டினால் போய்ப் பாருங்கள்.

குளிர்பானப் போத்தலில் சீனியின் அளவை நிறத்தால் காட்ட வேண்டும் என்பது இலங்கையில் 2016 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த விதி. அதன்படி 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. அப்படியொரு 400 மில்லிலீற்றர் போத்தலைக் குடித்தால் குறைந்தது 44 கிராம், அதாவது 11 தேக்கரண்டி சீனி உள்ளே போகும். நிறக்குறி இல்லாத போத்தலைக் கண்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முறையிடலாம். பொய் விளம்பரத்தோடு பொருள் விற்றால் நுகர்வோர் அதிகாரசபையின் 1977க்கு அழைக்கலாம். மேலைத்தேய மருந்துகளைத் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் பதிவு செய்யாமல் இங்கு விற்கக்கூடாது.

எப்போது உதவி தேட வேண்டும்?

கிழமைக்கு ஒருமுறையாவது, மூன்று மாதமாக, நிறுத்த முடியாமல், ஒளித்துத் தின்று, பிறகு வெட்கப்பட்டு வருந்துகிறீர்களா? அது மனக்கட்டுப்பாட்டுக் குறையல்ல. சிகிச்சையுள்ள நோயாக இருக்கலாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடுங்கள், அல்லது 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்குப் பேசுங்கள். வீட்டில் ஒருவர் இப்படி அவதிப்பட்டால் கேலி செய்யாமல் கூட்டிச் செல்லுங்கள்.